இருநூற்றைம்பத்தாறாவது ஆடு

ஹென்ரிக் அனுப்பியிருந்த மின்னஞ்சலில் இரண்டே வரிகள்தான் இருந்தன. ‘இது உங்கள் மொழிதானே? என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியுமா?’ கீழே ஒரு படம். சுபலட்சுமி படத்தைத் திறந்தாள். திறந்தவள் வாயிலிருந்த வடையை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அது ஒரு பிளக்ஸ். மதுரையில் காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் முச்சந்தியை மறைத்து வைப்பார்களே, அச்சு அசலாக அதே பிளக்ஸ். நடுவில் ராஜா நாற்காலியில் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு சிங்கம். அவன் கையில் வாளுக்குப் பதிலாக ஒரு கேம் கன்சோல். இரண்டு பக்கமும் கூலிங் கிளாஸ் மாட்டிய பத்துப் பேர், ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு. மேலே மஞ்சள் எழுத்தில், ‘கன்சோலைத் திறந்து காட்டிய பரவையின் பெருமையே! அண்ணன் மருதுவை வாழ்த்தும் நெஞ்சங்கள்’. கீழே காசிமாயன், பால்பாண்டி என்று வரிசையாகப் பெயர்கள். அதற்கும் கீழே, ஒரு பிளக்ஸுக்கு உரிய இலக்கணம் தவறாமல், ‘இவண்: மருது எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ், பரவை மார்க்கெட்’.

முச்சந்தியில் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இது இருந்த இடம் வேறு. பிரேசில் நாட்டில் யாரோ ஒருவர், கம்பெனி போட்ட மென்பொருள் பூட்டு உடைக்கப்பட்ட தன் கன்சோலை இயக்கி வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். பொத்தானை அழுத்தியதும் முதலில் திரையில் வருவது இந்தப் பிளக்ஸ்தான். பத்துப் பேரும் சிங்கமும் ஐந்து விநாடி தரிசனம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு அவர் காசு கொடுக்காமல் இறக்கிய கேம்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் மூன்றாவதாக இருந்தது சுபலட்சுமி எழுதிய கேம்.

அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டு ஊர்க்காரி. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் நல்ல வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வந்தவள். செல்லூரில் விசைத்தறிக் கூடத்துக்கு மேலே ஒரு அறை பிடித்து, தறிச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தாள். பெயர் ‘கிடை’. நாற்பது செம்மறியோடு ஒருத்தி ஊர் ஊராகப் போய், அறுவடை முடிந்த வயல்களில், எருவுக்காக மந்தையை இரவில் அடைத்துக் கிடை போட வேண்டும். மழை பார்த்து நகர வேண்டும். குட்டி பெருகும், தீவனம் குறையும். சுட்டுத் தள்ளுவது, வெட்டிச் சாய்ப்பது எதுவும் கிடையாது. வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆடு மேய்க்கக் கூடாது என்றுதானே படிக்க வைத்தோம் என்று கேட்டாள் அவள் அம்மா கனகலட்சுமி.

நார்வேயில் ஒரு சின்னக் கம்பெனி அதை எடுத்துப் பொங்கலுக்கு வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் ஆள்தான் ஹென்ரிக். முதல் வாரம் நன்றாக விற்றது. அப்புறம் ஆற்றில் தண்ணீர் வற்றுவதுபோல விற்பனை வற்றிவிட்டது. வாங்கியவர்களே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் திருட்டுத்தனமாக இறக்கி ஆடுபவர்கள் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனார்கள். கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. பூட்டை உடைத்தவன் யார் என்று கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது தெரியாமல் சுபலட்சுமியின் இரண்டாவது கேமுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம். அந்த இரண்டாவது கேம் நடக்கவில்லையென்றால் அவள் மறுபடி சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அறை வாடகை கொடுக்கவே அப்போது ஆள் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் பதில் அந்தப் படத்திலேயே இருந்தது. ஆள், ஊர், கடை எல்லாம். மொழிபெயர்த்து அனுப்பினால் முடிந்தது. உலகத்தில் எந்தத் திருடனாவது தன் கடை விலாசத்தோடு பத்துப் பேர் போட்டோவையும் போட்டுவிட்டுப் போவானா? மதுரைக்காரன் போவான். சுபலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் மீறி, ஆள் எப்படி இருப்பான் என்று பார்த்துவிடும் ஆசை வந்தது. செல்லூரிலிருந்து பரவை என்ன சீமையிலா இருக்கிறது? ஹென்ரிக்குக்கு நாளை எழுதிக்கொள்ளலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

பரவை மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்து, நசுங்கிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையுமாகத் தரை கிடந்தது. தராசு சர்வீஸ் கடை, ஒரு ஷட்டர் அகலம்தான். உள்ளே வயிறு பிளந்த எடை மெஷின்கள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு ஒல்லி ஆள், மூக்கின் நுனியில் கண்ணாடியோடு, சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். ராஜா நாற்காலியில் இருந்த தோளும் மார்பும் யாருடையவோ. தலை மட்டும்தான் இவனுடையது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும்.

அவள் தன் பையிலிருந்த கன்சோலை எடுத்து மேசைமேல் வைத்தாள். புதுசா கேம் எல்லாம் ஏத்திக் கொடுப்பீங்களாமே என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

மருதுவின் முகம் சுண்டிப்போயிற்று. “இது அந்த மாதிரிக் கடை இல்லம்மா. யாரோ தப்பாச் சொல்லி அனுப்பிருக்காங்க,” என்றான். கன்சோலைத் தொடக்கூட இல்லை, சுண்டுவிரலால் அவள் பக்கம் தள்ளிவிட்டான். வாரத்துக்கு நாலு பேர் இதற்காகவே வருகிறார்களாம், வேலை பார்க்க விடுகிறார்களில்லையாம்.

சுபலட்சுமி இதை எதிர்பார்க்கவில்லை. போட்டு வந்த நாடகம் அத்தோடு கலைந்தது. ‘கிடை’ கேம் நான் செய்தது என்று சொன்னாள். மருது எழுந்து நின்றுவிட்டான். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த திருகாணிகள் எல்லாம் தரையில் சிதறின. அவன் அதைக் குனிந்து பொறுக்கவும் இல்லை. அவள் எந்த ஊர் என்று கேட்டான். உசிலம்பட்டிப் பக்கம் என்றதும், மேடமும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் தங்கச்சி என்று ஆரம்பித்துவிட்டான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எதிர்க்கடையில் ரெண்டு டீ சொன்னான்.

அவன் கதை இப்படி. மார்க்கெட்டில் தராசில் தில்லுமுல்லு நடக்கும். உள்ளே இருக்கிற சிப்பில் யாராவது கை வைத்துவிட்டால் ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம் காணாமல் போகும். அதைச் சோதிக்கிற கருவி யானை விலை. பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு பழைய கேம் கன்சோலைப் பார்த்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல திரை, நல்ல பேட்டரி, பொத்தான்கள், கையடக்கம். தராசுச் சிப்பைப் படிக்கிற புரோகிராமை இதில் ஓட்டினால் என்ன? ஓட்ட முடியாது. கன்சோல் செய்த கம்பெனி முத்திரை குத்தின புரோகிராம் மட்டும்தான் அதில் ஓடும். காசு கொடுத்து வாங்கிய மெஷினில் நான் எழுதினது ஓடக் கூடாதா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழு மாதம் அதையே நோண்டினான். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் எரிந்து விழுந்தான். ஒருநாள், சேமித்த ஆட்டத்தைத் திறக்கிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அதன் வழியாக அவன் புரோகிராம் உள்ளே நுழைந்து ஓடியது.

இப்படித் தன் சொந்தப் புரோகிராமைத் தன் மெஷினில் ஓட்டுகிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. ஹோம்புரூ என்பார்கள். தான் கண்ட வழியை அவர்களுக்கு இலவசமாக எடுத்துக் கொடுத்தான் மருது. கொடுக்கும்போது யோசனையோடுதான் கொடுத்தான். சொந்தமாக எழுதினது ஓடும். கடை கேமைக் காப்பி எடுத்துப் போட்டால் ஓடாது. அதற்கென்று தனியாக ஒரு பூட்டு எழுதிப் போட்டான்.

“நாலு நாளு, தங்கச்சி. நாலே நாளு. எவனோ அந்தப் பூட்ட மட்டும் கழட்டிப்புட்டு மிச்சத்த அப்படியே விட்டுட்டான்.”

அந்த மிச்சத்தில்தான் பிளக்ஸ் இருந்தது. அதற்கு அவன் பொறுப்பில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். வெங்காயக் கடைப் பால்பாண்டிக்கு நண்பனின் பெருமை தாங்கவில்லை. இம்புட்டுப் பெரிய காரியம் பண்ணிட்டு ஒரு பிளக்ஸ் இல்லாம எப்படி மாப்ள என்று ஆளைத் திரட்டிப் போட்டோ வாங்கி டிசைன் பண்ணிக் கொண்டுவந்துவிட்டான். ரோட்டில் வைத்தால் போலீஸ் தொந்தரவு. சரி, கன்சோலிலேயே வைத்துவிடு என்றார்கள். மிஞ்சிப்போனால் ஐம்பது பேர் பார்ப்பார்கள் என்று மருது வைத்துவிட்டான். எடுத்துவிடச் சொல்லலாம்தான். ஆனால் மூஞ்சி போட்ட பிளக்ஸை இறக்கினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று சுபலட்சுமிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்துப் பேரில் ஒருவனும் அப்புறம் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

சுபலட்சுமி டீயைக் குடித்து முடித்தாள். ஆள் நல்லவனாகத்தான் தெரிந்தான். அதற்காக வயிற்றெரிச்சல் போய்விடுமா?

“கதவத் தொறந்தது நீங்கதானண்ணே?” என்றாள்.

மருது மறுக்கவில்லை. “ஆமா. தொறந்தது நாந்தான்.”

காலி டீ கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு அவன் தயங்கித் தயங்கி, ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன் என்றான். இருநூற்று ஐம்பத்தாறாவது ஆடு பிறந்தால் கேம் ஏன் நின்றுபோகிறது?

அப்படியெல்லாம் நிற்காது என்றாள் சுபலட்சுமி. அவன் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கன்சோலை எடுத்தான். பூட்டு உடைக்காத மெஷின். அதில் ‘கிடை’ இருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கின பிரதி. முதல் வாரமே வாங்கியிருந்தான். திரையில் இருநூற்று ஐம்பத்தைந்து ஆடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு நின்றன. ஒரு பெட்டை குட்டி போட்டது. மூலையில் இருந்த எண்ணிக்கை சட்டென்று பூஜ்யம் ஆனது. மேய்ப்புக்காரி கம்பை ஊன்றியபடி சிலையாக நின்றாள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை.

சுபலட்சுமி மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காரணம் அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆட்டுக் கணக்கை அவள் போட்டு வைத்த இடம் சின்னது, இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் அதில் எண்ண முடியாது. தெரிந்துதான் அப்படி வைத்தாள். அவள் ஊரில் இருநூறு ஆட்டுக்கு மேல் யார் கையில் இருந்திருக்கிறது? கிடா வளர்ந்தால் விற்பார்கள். ஆடி வந்தால் கோயிலுக்கு நேர்ந்ததை வெட்டுவார்கள். கேமிலும் ஆடி மாதம் வைத்திருந்தாள், வியாபாரி வருவான், நல்ல விலை கேட்பான். அவள் சோதித்துப் பார்த்த எல்லாத் தடவையும் மந்தை நூற்றிருபதைத் தாண்டவில்லை.

“ஆடி வந்தா கிடாய வித்துருவாங்கள்ல?” என்றாள், குரல் இறங்கிப்போய்.

“நம்மாளு விப்பான். வெள்ளக்காரன் எப்படி விப்பான் தங்கச்சி? அவன் ஒவ்வொரு ஆட்டுக்கும் பேரு வச்சுப்புட்டான்ல.”

அவன் சொன்னது உண்மை. கேம் ஆடுகிறவர்கள் இணையத்தில் எழுதும் பக்கத்தைக் காட்டினான். ஒருத்தி தன் கிடாய்க்குத் தாத்தா பெயரை வைத்திருந்தாள். வியாபாரி வந்தால் கதவைச் சாத்திவிடுவேன் என்று ஒருவன் எழுதியிருந்தான். எல்லோரும் ஆசை ஆசையாக வளர்த்து, ஒன்றைக்கூட விற்காமல், இருநூற்று ஐம்பத்தைந்தில் வந்து முட்டி நின்றிருந்தார்கள். அழகாக விளையாடியவன்தான் மாட்டிக்கொண்டான். நின்றுபோன கேமை வைத்துக்கொண்டு என்ன செய்வான், திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மருது தன் ஆட்டுக்காகவே அதைச் சரிசெய்திருக்கிறான். அவனிடம் மூலப் புரோகிராம் கிடையாது, வெளியே இருந்து தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும். மேய்ப்புக்காரியின் நாயைப் பற்றிய விவரத்துக்குப் பக்கத்தில் பயன்படாமல் ஒரு துளி இடம் கிடந்தது. கூடுதல் ஆடுகளின் கணக்கை அதில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அதனால் ஏற்கெனவே சேமித்த ஆட்டங்களுக்கும் ஒரு சேதாரமும் இல்லை. வேண்டுமென்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று ஹோம்புரூக்காரர்களிடம் கொடுத்தான். திருட்டுப் பிரதி போடுகிறவர்கள் அதையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆக, காசு கொடுத்தவனுக்கு நின்றுபோகிற கேம், கொடுக்காதவனுக்கு ஓடுகிற கேம். ஆறு மாதமாகத் திருடர்களைச் சபித்துக்கொண்டிருந்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. இவ்வளவு நாள் இது தன் கண்ணில் படவில்லையே என்று தன்மேலேயே கோபமாக இருந்தது. ஹென்ரிக் கேட்டிருப்பதையும், இரண்டாவது கேம் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் மருதுவிடம் மறைக்காமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். எழுதாதீங்க என்று சொல்லவில்லை. கீழே குனிந்து திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அன்று அறைக்குத் திரும்பியதும் அவள் ஹென்ரிக்குக்கு எழுதினாள். கேம் பாதியில் நிற்பது என் பிழை, அதனால்தான் வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்கள், மூன்று வாரம் கொடுங்கள் சரிசெய்கிறேன். படத்தில் இருப்பது வாழ்த்துப் பதாகை, அந்தப் பெயர்கள் எங்கள் பக்கம் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். கடை விலாசத்தை மட்டும் விட்டுவிட்டாள், பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அனுப்பிவிட்டு, இரண்டாவது கேமைக் கை கழுவியதாகவே நினைத்துக்கொண்டாள்.

சரிசெய்ய உட்கார்ந்தால் அது லேசில் மசியவில்லை. கணக்கு வைக்கும் இடத்தைப் பெரிதாக்கினால், ஆடுகிறவர்கள் சேமித்து வைத்த மந்தையெல்லாம் அழிந்துபோனது. பெயர் வைத்து வளர்த்த ஆட்டை அழித்துவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? நாய்க்குப் பக்கத்து இடம் என்று மருது சொன்னதை அவளும் முயன்று பார்த்தாள். அவளுக்கு அது நாயைக் காணாமல் போக்கியது. அவனிடம் போய்க் கேட்க மானம் இடம் தரவில்லை.

நான்காம் நாள் ஹென்ரிக்கிடமிருந்து நீளமான பதில் வந்தது. மருது என்பவர் எங்களுக்கு நேரடியாக எழுதியிருக்கிறார், திருத்தத்தையும் அனுப்பியிருக்கிறார். கன்சோலைத் திறந்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டு, பெயர், கடை விலாசம், செல் நம்பர் எல்லாம் கொடுத்திருக்கிறார். திருத்தம் பிரமாதமாக ஓடுகிறது, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வெளியிடுகிறோம். விலாசத்தை வக்கீல்களிடம் கொடுத்துவிட்டோம், அவருக்கு நோட்டீஸ் போகும். இரண்டாவது கேமுக்கான ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது, வாழ்த்துகள்.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தைத் திறந்து தன் பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மின்னஞ்சலுக்குத் திரும்பி, நோட்டீஸ் பற்றிய வரியை மறுபடி படித்தாள். மருதுவுக்குப் போன் போட்டாள். எதுக்கண்ணே இப்படிப் பண்ணீங்க என்றதற்கு அவன் ரொம்பச் சாதாரணமாக, “காசு குடுத்தவங்களுக்கு ஓடணும்ல,” என்றான். அந்தத் திருத்தத்தை வெளியிடலாமா என்று உங்களிடம் கேட்டார்களா என்றாள். தன்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

சுபலட்சுமி ஒப்பந்தத்தை மறுபடி திறந்தாள். ஒன்பது பக்கம். அதில் ஆறு பக்கம் ஒரே விஷயம்தான்: எழுதியவர் அனுமதி இல்லாமல் அவர் எழுதியதை யாரும் எடுத்து வெளியிடக் கூடாது. மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு ஹென்ரிக்கை வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள். தறிச் சத்தம் கேட்கக் கூடாது என்று எப்போதும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுகிறவள், அன்றைக்குச் சாத்தவில்லை.

அந்தத் திருத்தம் யார் எழுதியது என்று கேட்டாள். மருது எழுதியது என்றார் அவர். வெளியிட்டுக்கொள்ளுங்கள் என்று எங்காவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அவராகத்தானே அனுப்பினார் என்றார் ஹென்ரிக். ஓடுகிறதா என்று பார்க்க அனுப்பினார், நானும் என் கேமை முதலில் உங்களுக்கு அப்படித்தான் அனுப்பினேன், அதை நீங்கள் சும்மா எடுத்துப் போட்டுவிடவில்லையே, ஒன்பது பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கினீர்களே என்றாள்.

ஹென்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேட்காமல் வெள்ளிக்கிழமை அதை வெளியிட்டால், அதற்கு உங்கள் வக்கீல்கள் என்ன பெயர் வைப்பார்கள் ஹென்ரிக்? அவரைக் கேட்கும்வரை நான் இதில் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஒப்பந்தத்தை மூடினாள். பேசிவிட்டு வருகிறேன் என்று ஹென்ரிக் போனார். ஒரு நாள் கழிந்தது. இரண்டு நாள் கழிந்தது. சென்னையில் வேலையில் இருக்கிற தோழி தமிழ்வாணியிடம் அங்கே ஏதாவது காலியிடம் இருக்கிறதா என்றுகூட அவள் விசாரித்துவிட்டாள். மூன்றாம் நாள் வியாழக்கிழமை மதியம் பதில் வந்தது. நோட்டீஸை நிறுத்தி வைத்திருக்கிறோம். திருத்தத்தை வெளியிட திரு. மருது அவர்களின் அனுமதியைத் தயவுசெய்து கேட்டுச் சொல்லவும். நாளைக்கே தேவைப்படுகிறது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் நேராகப் பரவைக்குப் போனாள். கடையில் பால்பாண்டியும் இருந்தான், வெங்காயத் தராசைச் சரிபார்க்க வந்திருந்தான். அவள் கடிதத்தை வரிக்கு வரி தமிழில் படித்துச் சொன்னாள். மருது இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். திரு என்று போட்டிருக்கிறதா என்று பால்பாண்டி எட்டிப் பார்த்தான்.

“என்கிட்டயா கேட்குறாங்க?” என்றான் மருது.

உங்களிடம்தான் என்றாள். அவன் ஈயம் வைக்கிற கோலை அணைத்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டான். ஏழு மாதம் யாரையும் கேட்காமல் ஒரு மெஷினைக் குடைந்து திறந்தவன், தன்னை ஒருவர் கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மார்க்கெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சரி என்று சொல்லு மாப்ள என்று பால்பாண்டி முழங்கையால் இடித்தான். மருது அவன் கையை விலக்கிவிட்டான்.

“யோசிச்சுச் சொல்றேன்னு எழுதிருங்க, தங்கச்சி.”